உள்ளங்கைச் சூட்டில் ஒரு குப்பி

லோகநாயகி இடது கையால் தேநீர் குடிக்கிறார். இடது கையால் கதவைத் தள்ளுகிறார். இடது கையாலேயே ரசீதில் பெயர் எழுதுகிறார். எழுத்து கோழி கிளறியதுபோல் விழுகிறது. வலது கை மட்டும் மூடியே இருக்கிறது. விரல்களுக்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குப்பி. குப்பிக்குள் பட்டாபிராமிலிருந்து வந்த ஒருவரின் விந்து.

"கரண்டு இருந்தா பொட்டில வச்சிடுவேன். பொட்டி ஒடம்புச் சூட்டுலயே இருக்கும். கரண்டு பூட்ச்சின்னா நான்தான் பொட்டி," என்கிறார்.

அம்பத்தூர் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில், சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே இருக்கிறது டாக்டர் திருவேங்கடத்தின் பரிசோதனைக்கூடம். ரத்தம், சிறுநீர், மலம், சளி என்று பலகையில் நான்கு எழுதியிருக்கிறது. ஐந்தாவதை எழுதவில்லை. ஆனால் ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் ஆண்கள் அந்த ஐந்தாவதற்காகத்தான் விலாசம் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். வந்தவர்கள் உள்ளே நுழைந்து, வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் எதிரே நிற்பதைப் பார்த்ததும், சர்க்கரை பார்க்க வந்ததாகச் சொல்லிவிடுகிறார்கள்.

லோகநாயகிக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். "சக்கரைக்கு வந்தவன் செருப்ப வாசல்ல வுட்டுட்டு வருவான். இதுக்கு வந்தவன் கையில எடுத்துகினு வருவான், ஓடறதுக்குத் தோதா," என்று சிரிக்கிறார்.

வயது முப்பத்தெட்டு. கோட்டுக்குக் கீழே எப்போதும் பளிச்சென்ற புடவைக் கரை தெரியும். தலையில் கனகாம்பரம். குரல் பெரியது, பக்கத்து மில் ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பெரிதான குரல். இதனால் ஒரு சங்கடம் உண்டு. மில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் ஒருவரிடம் கத்தி விளக்கிக்கொண்டிருப்பார். திடீரென்று மின்சாரம் போய் மில் நின்றுவிடும். "மூணு நாளைக்கு சம்சாரத்தோட சேராம இருந்து, அப்பால எடுத்துகினு வா" என்ற வாக்கியத்தின் பின்பாதி சைக்கிள் கடை வரை தெளிவாகக் கேட்கும். சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் பார்ப்பதை நிறுத்தித் தலையை உயர்த்துவார். கேட்டுக்கொண்டிருந்தவர் மறுநாள் வேறு சந்து வழியாக வருவார்.

வருகிறவர்கள் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. தொழிலாளிகள் "சரக்கு" என்பார்கள். ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து வருபவர்கள் "ஐட்டம்" என்பார்கள். ஒரு தமிழாசிரியர் "தாது" என்றார். ஒரு பெரியவர் கடைசி வரை "அது" என்பதற்கு மேல் போகவில்லை. லோகநாயகி எல்லாப் பெயர்களையும் ஏற்றுக்கொள்கிறார். அவருடைய கணவர் பாஸ்கரன் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிறார். தெருவில் யாராவது கேட்டால் மனைவி ரத்தம் பார்ப்பதாகச் சொல்கிறார்.

"ரத்தம்னா மரியாதையாம். அந்த ரத்தம் ஓடற மனுசன் எங்கேர்ந்து வந்தான்னு கேட்டா, பேப்பர எடுத்து மூஞ்சிய மறைச்சிக்குவாரு."

கூடத்தின் பின்புறம் ஒரு குளியலறை. அவசரமாக மாதிரி தர வேண்டியவர்கள் அங்கேதான் போக வேண்டும். முன்பு அதன் சுவரில் முருகன் படம் போட்ட நாட்காட்டி தொங்கியது. ஒவ்வொருவரும் வெளியே வந்த பிறகு பார்த்தால் முருகன் சுவரைப் பார்த்துத் திரும்பியிருப்பார். லோகநாயகி அதைக் கழற்றிவிட்டு மேட்டூர் அணை படம் போட்ட நாட்காட்டியை மாட்டினார். அணையை யாரும் திருப்புவதில்லை.

வாசலில் ஒரே ஒரு பெஞ்சு. எதிர்ச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். அந்த பெஞ்சில் இரண்டு ஜாதி ஆண்கள் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளை இல்லாமல் வந்தவர்கள் ஒரு ஜாதி. ஏதாவது ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பார்கள். பிள்ளை போதும் என்று ஆபரேஷன் செய்துகொண்டு, சரியாக முடிந்ததா என்று பார்க்க வந்தவர்கள் இன்னொரு ஜாதி. எதுவும் ஓடக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருப்பார்கள். யார் எந்த ஜாதி என்று முகத்தில் எழுதியிருக்காது.

மேனாம்பேட்டில் செங்கல் வண்டி ஓட்டும் முனியன் இரண்டாவது ஜாதி. ஐந்து பிள்ளைகளுக்குப் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டவர். லோகநாயகி சொன்ன முடிவைக் கேட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரிய வெளியே வந்தார்.

"இன்னா சொன்னாங்க அண்ணாத்தே?" என்று பெஞ்சிலிருந்த இளைஞர் கேட்டார்.

"ஒண்ணுமே இல்லியாம்பா! சுத்தமா இல்லியாம்!"

இளைஞர் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மனச வுட்டுடாதீங்க. திருவேற்காடு அம்மன் கோயிலுக்கு ஒரு தபா போயி வாங்க."

"ஏன்? நல்லாத்தானே கீது! அங்க போயி மறுபடியும் வரவெச்சுக்கவா?"

உள்ளேயிருந்து லோகநாயகி சிரித்த சிரிப்பில் கண்ணாடிக் குழாய்கள் அதிர்ந்தன.

அவருடைய தொழிலில் பாதி காத்திருப்பது. விந்து வெளியே வந்ததும் உடனே நீர்த்து இருப்பதில்லை. வேகாத முட்டையின் வெள்ளைக்கரு போல் கெட்டிப்பட்டுக்கொள்கிறது. அதிலுள்ள சில புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலை போடுகின்றன. அணுக்கள் அந்த வலையில் சிக்கி நிற்கின்றன. அதே திரவத்தில் வேறொரு புரதமும் இருக்கிறது. வலையை அறுப்பது அதன் வேலை. அரை மணிக்குள் வலை அறுந்து, திரவம் இளகி, அணுக்கள் வாலை வீசி நீந்தத் தொடங்கும். வால் இருந்தாலும் தெம்பு இருந்தாலும், அறுக்கிற புரதம் தன் வேலையைச் செய்யாவிட்டால் பயணம் இல்லை. குப்பியின் சூடு ஆறிவிட்டால் ஓடுகிறவையும் சோர்ந்துவிடும். அதனால்தான் அந்த மூடிய கை.

லோகநாயகி இதைச் சொல்லும் விதம் வேறு. "ஒருத்தன் கட்டிப்போடுவான், ஒருத்தன் அவுத்துவுடுவான். ரெண்டு பேரும் ஒரே ஊட்டுக்காரங்க. அவுக்கறவன் வர்றதுக்குள்ள நாம அவசரப்பட்டுப் பாத்தோம்னு வச்சிக்கோ, ஓட்டமே இல்லன்னு எழுதி ஒரு குடும்பத்தயே கவுத்துடலாம்."

குப்பியை லேசாகச் சாய்த்துப் பார்ப்பார். சொட்டு சொட்டாக இறங்கினால் இளகிவிட்டது என்று பொருள். நூலாக இழுத்தால் மறுபடியும் மூடிய கை. டாக்டர் வந்து நின்றாலும், வெளியே பத்துப் பேர் முணுமுணுத்தாலும் அவசரப்பட மாட்டார். டாக்டரும் அவசரப்படுத்த மாட்டார். அவரிடம் வேலை கற்றுக்கொண்டபோது முதல் பாடமே இதுதானாம்.

நுண்ணோக்கி சன்னலோரத்தில் இருக்கிறது. கீழே உள்ள சிறு கண்ணாடி வெயிலைப் பிடித்து மேலே அனுப்பும். அதற்கு மின்சாரம் வேண்டாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தால், டாக்டருக்கு ஆங்கிலத்தில் கணக்குச் சொல்வார். தனக்குத்தானே பேசும்போது ரயில் பாஷை. நேராகப் பாய்பவை எக்ஸ்பிரஸ். தட்டித் தடவிப் போகிறவை பாசஞ்சர். நின்ற இடத்திலேயே நெளிபவை ஷன்டிங். அசையாதவை ஷெட்டில் நிற்பவை. "ஷெட்டுல நெறய நின்னா பயம் இல்ல நைனா. ஒரு எக்ஸ்பிரஸ் டயத்துக்குப் போயி சேந்தா போதும்," என்று எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

ஆடி மாதத் தொடக்கத்தில் கோவில்பதாகையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். நாகப்பன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய், சட்டைப் பையில் அளவு பார்க்கும் இரும்புச் சட்டம். மனைவி பஞ்சவர்ணம் அதே எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. கல்யாணமாகி ஆறு வருஷம். பேச்சை ஆரம்பித்தவர் பஞ்சவர்ணம்.

"யக்கா, எனக்கு எல்லாம் பாத்தாச்சி. ரத்தம் பாத்தாச்சி, எக்ஸ்ரே எடுத்தாச்சி, மயக்கமருந்து குடுத்து வயித்த சுத்தம் பண்ணியாச்சி. சூரணம் தின்னுத் தின்னு நாக்கே செத்துப்பூட்ச்சி. எல்லா டாக்டரும் நல்லாக்கீறன்னு சொல்லிட்டாங்க. எங்க மாமியாரு நம்ப மாட்டேங்குது. ஆவணி பொறந்தா இவருக்கு காட்டுப்பாக்கத்துப் பொண்ணாம். என்னைப் பொட்டியோட திருநின்றவூர் அம்மா ஊட்டுக்கு அனுப்பிடுமாம். ஒரே ஒரு டெஸ்ட்டு இவரு எடுக்கட்டும். அவரும் நல்லாக்கீறாருன்னு வந்துட்டா, யாரும் சொல்ல வோணாம், நானே பொட்டியத் தூக்கிக்கினு போறேன்."

நாகப்பன் மேட்டூர் அணையைப் பார்த்துவிட்டு வந்து, அந்தக் குளியலறையில் தன்னால் முடியாது என்றார். தாழ்ப்பாள் நிற்கவில்லையாம். வீட்டிலிருந்தே கொண்டுவருவதாகச் சொன்னார். மூன்று நாள் கழித்துக் காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு மருந்து பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லோகநாயகி மூடியைத் திறந்தார். மூக்கைச் சுளித்தார். மறுபடியும் மோந்தார்.

"இன்னா நைனா இது? இத்த நான் டெஸ்ட்டு பண்றதா, ஸ்டவ்வுல ஊத்தி நாஸ்டா பண்றதா?"

"ஏன் யக்கா?"

"பாட்டில எதுல கழுவின?"

"சுத்தமா இருக்கணும்னு நீதானே சொன்ன? மண்ணெண்ணெய்ல அலசி, வேஸ்ட்டு துணிய வுட்டுத் தொடச்சி, அப்பால சோப் ஆயில்ல ஒரு தபா..." நாகப்பன் பெருமையாகவே சொன்னார். "பேரிங்கெல்லாம் நாங்க அப்டித்தான் கழுவுவோம். ஒரு தூசு நிக்காது."

"தூசு மட்டுமா? ஒண்ணுமே நிக்காது! அத்தினி பேரையும் கொன்னுட்டியே, பாவி!"

ஆனாலும் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். எல்லாம் ஷெட்டில் நின்றன. அதைச் சீட்டில் எழுதவில்லை. கொதிக்க வைத்து ஆற வைத்த கூடத்துக் குப்பி ஒன்றை எடுத்து நீட்டினார். மறுபடியும் மூன்று நாள் கழித்துக் கொண்டுவரும்படி சொன்னார். நாகப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு தபா குடுத்ததே பேஜாரு. ஊட்டுல எங்கம்மா கதவாண்டயே குந்திகினு கீது. மறுபடியும் இன்னா சொல்லிகினு உள்ள போறது? வோணாம் யக்கா. இருக்கறத எழுதிக்குடு."

"இருக்கறத எழுதினா நீ ஆம்பளயே இல்லன்னு ஆயிடும், தெரிமா? மண்ணெண்ணெய் மேல இருக்கற பழிய உன் மேல போட எனக்கு இன்னா வேண்டுதலா? பாட்டில கழுவாத. மோந்துகூட பாக்காத. பனியனுக்குள்ள வவுத்தோட ஒட்டி வச்சிகினு வா. வர்ற வழியில டீ குடிக்க நிக்காத."

நான்காம் நாள் அவர் வந்தபோது மின்வெட்டு. குப்பி பனியனுக்குள்ளிருந்து லோகநாயகியின் கைக்குப் போயிற்று. இடது கையால் தேநீர், இடது கையால் ரசீது. அரை மணி ஆயிற்று. குப்பியைச் சாய்த்தார். நூலாக இழுத்தது. கையை மூடிக்கொண்டார். ஒரு திருவள்ளூர் வண்டி போயிற்று, இன்னொன்றும் போயிற்று. மறுபடியும் சாய்த்தார். பாகு பதம் அப்படியே இருந்தது. பெஞ்சில் பஞ்சவர்ணம் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

லோகநாயகி நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தார். ரயில் பாஷை எதுவும் வரவில்லை. டாக்டரைக் கூப்பிட்டார், அவரும் குனிந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பிறகு லோகநாயகி நாகப்பனை அழைத்து முக்காலியில் உட்காரவைத்தார்.

"அந்தக் கண்ண மூடு. இந்தக் கண்ண வை. இன்னா தெரிது?"

"புழு மாதிரி... வால ஆட்டுது. ஆனா எதுவும் நகரலியே."

"எல்லாத்துக்கும் உசுரு கீது. தெம்பும் கீது. கட்டிப்போட்டவன் வேலய முடிச்சிட்டான். அவுக்கறவன் உனக்கு வேலைக்கே வர்ல."

நாகப்பன் கண்ணை எடுக்காமலேயே கேட்டார். "ஆயில் கெட்டியாயிட்டா ஸ்பிண்டில் சுத்தாது. அந்த மாதிரியா?"

"அதேதான். ஸ்பிண்டில் நல்லாக்கீது."

டாக்டர் திருவேங்கடம் நிதானமாகப் பேசுகிறவர். இதற்கு வழி இருக்கிறது என்றார். இளகாத விந்தை மருந்து நீரில் கரைத்து, சுத்தம் செய்து, கருப்பைக்கே நேராகச் சேர்க்கும் முறை ஒன்று உண்டு. எழும்பூரில் ஒரு டாக்டரம்மா செய்கிறார். சில மாதங்கள் முயன்று பார்க்க வேண்டும். பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். ஆனால் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்: பஞ்சவர்ணத்தின் மேல் எந்தக் குறையும் இல்லை.

நாகப்பன் இரும்புச் சட்டத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, மறுபடியும் பையிலேயே வைத்தார். "யக்கா, இது எங்கம்மாவுக்குத் தெரிய வோணாம். எஸ்டேட்டுல தெரிஞ்சாலும் மானம் பூடும்."

"நான் ஏன் நைனா சொல்லப்போறேன்? இது உன் சீட்டு. மடிச்சிப் பாக்கெட்டுல வச்சிக்கோ. நீ சொன்னாத்தான் ஊருக்குத் தெரியும்." லோகநாயகியின் குரல் முதல்தடவையாகச் சின்னதாக இருந்தது. "ஆனா ஆவணி பொறந்தா பொட்டி தூக்கறது நீ இல்ல."

நாகப்பன் வெளியே போனார். பஞ்சவர்ணம் எழுந்து நின்றார். "இன்னாய்யா சொன்னாங்க?" "அப்பால சொல்றேன், ஏறு." சைக்கிளின் பின்சீட்டில் அவர் ஏறிக்கொள்ள, இருவரும் போய்விட்டார்கள். அன்று முழுவதும் லோகநாயகி யாரையும் கிண்டல் செய்யவில்லை. சாப்பாட்டு டப்பாவை மாலையில் திறந்தார்.

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது மூன்று பேர் வந்தார்கள். முன்னால் நாகப்பனின் அம்மா கெங்கம்மாள். கட்டுமஸ்தான உடம்பு, ஏரிப் பாசன வயல்களில் நாற்று நட்டவர், வயல் எல்லாம் தொழிற்சாலை ஆன பிறகு அதே இடத்தில் கம்பெனித் தரையைப் பெருக்குபவர். நடுவில் நாகப்பன். ஐந்தாறு அடி பின்னால் பஞ்சவர்ணம்.

"எம்மா, நீதான் இங்க டாக்டரா?" என்றார் கெங்கம்மாள்.

"டாக்டர் உள்ள கீறாரு. நான் டெஸ்ட்டு பண்றவ. இன்னா வோணும்?"

"எம் புள்ளைக்கு நீ இன்னா எழுதிக்குடுத்த? எங்கூட்ல ஏழு பேரப் பெத்தவ நான். எங்க வமுசத்துல அந்த மாதிரி எவனும் கெடையாது. இவ பாட்டில மாத்தி வச்சிருப்பா." கை பின்பக்கம் மருமகளைக் காட்டியது.

பெஞ்சில் நான்கு பேர் இருந்தார்கள். இரண்டாவது தடவை பார்த்து உறுதி செய்துகொள்ள வந்த முனியனும் இருந்தார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். லோகநாயகி வாயைத் திறப்பதற்குள் நாகப்பன் பேசினார். மில் ஓடிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"எம்மா, அவ பாட்டிலத் தொடவே இல்ல. நான்தான் வச்சிருந்தேன், நான்தான் எடுத்துகினு வந்தேன். கோளாறு எனக்குத்தான். அவளுக்கு ஒண்ணும் இல்ல. நேத்தே ஊட்ல சொன்னேன், இப்ப எல்லார் முன்னாலயும் சொல்றேன். போதுமா?"

கெங்கம்மாள் மகனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பொண்டாட்டிக்குப் பயந்து பேசற. காயிதத்த நான் நம்ப மாட்டேன். என் கண்ணுல காட்டுங்க, அப்பால பாக்கலாம்."

லோகநாயகி நாகப்பனைப் பார்த்தார். "உன்னுது நைனா. நீ சொன்னாத்தான் காட்டுவேன்."

"காட்டு யக்கா. பாத்துத் தொலைக்கட்டும்."

"பழசு ஒதவாது. புதுசா வோணும். இப்பவே."

நாகப்பன் கூடத்தின் பின்புறத்தைப் பார்த்தார், தாழ்ப்பாள் நிற்காத கதவைப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். குப்பியை வாங்கிக்கொண்டு தூக்கு மேடைக்குப் போகிறவர் போல் நடந்தார். பஞ்சவர்ணம் ஓடிப்போய்க் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் ஆயிற்று. கெங்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாடா நாகப்பா, இவ்ளோ நேரம்? ஒரு பாட்டில் குடுக்கறதுக்கு இன்னா கஷ்டம்?"

"எம்மா, நீ கொஞ்சம் வெளிய போறியா!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அலறல் வந்தது.

முனியன் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டார். பிறகு எழுந்து, "வாம்மா, நாம போயி ஒரு டீ அடிக்கலாம்" என்று கெங்கம்மாளை வெளியே கூட்டிக்கொண்டு போனார். டீக்கடையில் அவருக்கு என்ன வைத்தியம் என்று கெங்கம்மாள் விசாரித்திருக்கிறார். பிள்ளை வேண்டாம் என்று தானே போய் ஆபரேஷன் செய்துகொண்டதாக முனியன் சொல்லியிருக்கிறார். திரும்பி வரும்போது அந்த அம்மாள் அவரைவிட்டு ஒரு கஜம் தள்ளியே நடந்துவந்தார்.

குப்பி லோகநாயகியின் வலது கைக்கு வந்தது. மின்சாரம் இருந்தது, சூட்டுப் பெட்டியும் வேலை செய்தது. ஆனாலும் கையிலேயே வைத்துக்கொண்டார். கெங்கம்மாள் எதிரே உட்கார்ந்து, அந்த மூடிய கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யாரும் எதையும் மாற்ற முடியாது. அரை மணிக்கு மேல் ஆனதும் லோகநாயகி அவர் கண்ணெதிரே குப்பியைச் சாய்த்துக் காட்டினார். நூல் இழுத்தது. பக்கத்தில் வேறொருவரின் குப்பி இருந்தது. அதையும் சாய்த்துக் காட்டினார். அது சொட்டியது.

"இப்ப வா, பாரு." நாகப்பனின் குப்பியிலிருந்து ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டார். கீழ்க்கண்ணாடியை வெயில் பக்கம் திருப்பினார். நாகப்பன் இதற்குள் சைக்கிள் கடை வாசலில் போய், காற்று சரியாகவே இருந்த டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம் சுவரோடு ஒட்டி நின்றார்.

கெங்கம்மாளுக்கு ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியவில்லை. உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். முதலில் தன் இமை மயிர்தான் தெரிகிறது என்றார். லோகநாயகி திருகைத் திருகினார். கெங்கம்மாளின் முதுகு ஒருதடவை தூக்கிப்போட்டது.

"அய்ய! உசுரோட கீதே!"

"எல்லாம் உசுரோடத்தான் கீது."

"தல ஆடுது, வால் ஆடுது. ஏன் போவ மாட்டேங்குது?" பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே சொன்னார்: "சேத்துல எறங்கின மாடு கணக்கா நிக்குது. மாடு நல்ல மாடுதான். சேறு வுட மாட்டேங்குது." கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி காட்டினா கௌம்புமா?" என்று கேட்டார்.

லோகநாயகி வெதுவெதுப்பான உப்புநீரைக் கண்ணாடிக் குழலில் எடுத்தார். "இதுல ரெண்டொண்ணு கௌம்பினாலும் கௌம்பும், கௌம்பாட்டியும் கௌம்பாது. எழும்பூர் டாக்டரம்மா மருந்து வச்சிப் பக்குவமா பண்ணுவாங்க. இது சும்மா நீ பாக்கறதுக்கு." துளியை மூடியிருந்த கண்ணாடி வில்லையின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டார். நீர் மெல்ல உள்ளே ஊர்ந்தது.

மில் ஓடிக்கொண்டிருந்தது. கெங்கம்மாள் இன்னும் குனிந்தார். பொத்தியிருந்த கை தானாக இறங்கிவிட்டது. இரண்டாவது கண் தானாக மூடிக்கொண்டிருந்தது.

"தோ... தோ ஒண்ணு நெளிது... வந்துடு, வந்துடு... அடி, பூட்ச்சி! ஓரத்தால பூட்ச்சி பாரு! இன்னொண்ணும் பின்னாலயே..."

தலையை எடுக்கவில்லை. ஒரு கையைப் பின்னால் நீட்டிக் காற்றில் துழாவினார். கோட்டின் நுனி கிடைத்தது; விட்டுவிட்டார். மேசைக்கால் கிடைத்தது, விட்டுவிட்டார். பஞ்சவர்ணத்தின் மணிக்கட்டு கிடைத்ததும் கெட்டியாகப் பிடித்து முன்னால் இழுத்து, தான் உட்கார்ந்திருந்த முக்காலியில் பாதி நகர்ந்து இடம் விட்டார்.